துன்பத்துக்கு ஒரு தராசு

2023 செப்டெம்பர் மாதம் முடிகிற நேரம். அட்டன் நகரத்தில் ஒரு பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாலையில் தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்த ஒரு பெண், மாவுக்கும் பருப்புக்கும் சீனிக்கும் கணக்குப் பார்த்தபடி கேட்கிறார்:

“வெலவாசியெல்லாம் கொறஞ்சிருச்சின்னு நியூஸ்ல சொல்றாங்க. நீங்க ஒண்ணையும் கொறைக்கக் காணோமே மொதலாளி?”

“நானும்தான் கேட்டேன் தங்கச்சி. கொழும்புலேருந்து எனக்கு வர்ற வெல எறங்கலையே. நான் எங்கேருந்து கொறைக்கிறது?”

அந்த ஆண்டு இலங்கையில் இப்படிப்பட்ட பேச்சு நடக்காத கடை இருந்திருக்காது. செய்திக்குப் பின்னால் இருந்த எண்ணும் பொய்யில்லை: 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்த பணவீக்கம் ஒரே வருடத்தில் 1.3 சதவீதமாக இறங்கியிருந்தது. கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. பெண்ணின் பையில் இருந்த காசு பத்து நாளைக்குக் கூடக் காணாது என்பதும் உண்மை. மூன்று உண்மைகளும் ஒரே கடையில், ஒரே நேரத்தில் எப்படி நிற்கின்றன? ஒரு நாட்டு மக்கள் படும் பாட்டை எண்ணால் அளக்க முடியுமா? முடியும் என்று நம்பி ஒருவர் இரண்டு எண்களைக் கூட்டிக் காட்டினார். அந்தக் கூட்டல் கணக்கிலிருந்து தொடங்குவோம்.

இரண்டு எண்களைக் கூட்டியவர்

ஆர்தர் ஓக்கன் அமெரிக்கப் பொருளியலாளர். 1960களின் கடைசியில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சனின் பொருளாதார ஆலோசகர் சபைக்குத் தலைவராக இருந்தவர். அவர் காலத்துப் பொருளியலாளர்கள் பலருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. வேலையின்மையும் விலையேற்றமும் ஏற்றப்பலகையின் இரண்டு முனைகள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். தொழில் சூடு பிடித்தால் எல்லாருக்கும் வேலை கிடைக்கும், விலை ஏறும். தொழில் மந்தமானால் விலை அடங்கும், வேலை போகும். ஏதாவது ஒரு துன்பத்தை மட்டும் நாடு தாங்கினால் போதும்.

1970கள் அந்த நம்பிக்கையை உடைத்தன. 1973இல் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்தன. கடைகளில் விலையும் ஏறியது. பலகையின் இரண்டு முனைகளும் ஒன்றாக மேலே போயின. தொழில் தேங்கி நிற்க விலை மட்டும் வீங்கும் இந்த நிலைக்குத் தேக்கவீக்கம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

ஓக்கன் செய்தது மிக எளிய வேலை. வேலை தேடியும் கிடைக்காதவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற எண்ணையும், விலைகள் ஒரு வருடத்தில் நூற்றுக்கு எவ்வளவு ஏறின என்ற எண்ணையும் எடுத்து, ஒன்றோடொன்று கூட்டினார். அவ்வளவுதான். ஏழாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. ஓக்கன் அதற்கு வைத்த பெயர் கொஞ்சம் மென்மையானது, அசௌகரியத்தின் அளவு என்கிற பொருளில். அரசியல்வாதிகளின் கைக்குப் போனதும் அதன் பெயர் துன்பச் சுட்டெண் ஆகிவிட்டது.

1976 தேர்தலில் ஜிம்மி கார்ட்டர் இந்த எண்ணைக் காட்டி, நாட்டை இப்படி வைத்திருக்கும் ஒருவர் மறுபடி வாக்குக் கேட்கலாமா என்று அப்போதைய ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டை மடக்கினார். அப்போது கூட்டுத்தொகை 12, 13 என்ற அளவில் இருந்தது. கார்ட்டர் வென்றார். நான்கு வருடம் கழித்து, 1980 ஒக்டோபர் 28ஆம் திகதி கிளீவ்லாந்து நகரத்தில் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில், அதே கணக்கை ரொனால்ட் ரீகன் கார்ட்டரிடம் திருப்பிக் கேட்டார். அந்த ஆண்டு அமெரிக்காவின் பணவீக்கம் 13.5, வேலையின்மை 7.1. கூட்டினால் 20.6. கார்ட்டர் தோற்றார். தன் கூட்டல் கணக்கு இரண்டாவது ஜனாதிபதியையும் வீட்டுக்கு அனுப்பியதைப் பார்க்க ஓக்கன் இல்லை. அந்த வருடம் மார்ச் மாதம், 51 வயதில் காலமாகியிருந்தார்.

இந்தச் சுட்டெண்ணை நான் மதிக்கிறேன். பொருளியலில் எத்தனையோ எண்கள் நிபுணர்கள் மட்டும் வாசிப்பதற்காகவே பிறக்கின்றன. இது வாக்காளருக்குப் புரிந்த எண். ஆட்சியில் இருப்பவரை நிறுத்திக் கேள்வி கேட்க உதவிய எண். ஆனால் ஒரு தராசை மதிப்பது என்றால், அது எதை நிறுக்கிறது, எதை நிறுக்காமல் விடுகிறது என்று பார்ப்பதும் அதில் அடக்கம். கொழுந்துத் தராசின் முன் நின்றவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இலங்கைக்குப் போட்டுப் பார்ப்போம்

மூன்று வருடங்களை எடுத்துக்கொள்வோம். பணவீக்கத்துக்கு அந்தந்த வருடம் செப்டெம்பர் மாதத்துக் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். வேலையின்மைக்கு அந்த வருடத்துச் சராசரி.

2021: பணவீக்கம் 5.7, வேலையின்மை 5.1. கூட்டுத்தொகை 10.8.

2022: பணவீக்கம் 69.8, வேலையின்மை 4.7. கூட்டுத்தொகை 74.5.

2023: பணவீக்கம் 1.3, வேலையின்மை 4.7. கூட்டுத்தொகை 6.0.

நடு வரியை யாரும் விளக்கத் தேவையில்லை. டொலர் தீர்ந்து, 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்த வருடம் அது. பெற்றோலுக்கும் காஸுக்கும் நாள்கணக்கில் வரிசை. வரிசையிலேயே உயிர் விட்டவர்களும் உண்டு. ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே போனார். 74.5 என்ற எண் அந்த வருடத்துக்குப் பொருந்துகிறது.

என்னைத் திகைக்க வைப்பது முதல் வரியும் மூன்றாவது வரியும். சுட்டெண்ணின்படி 2023 செப்டெம்பர், நெருக்கடிக்கு முந்திய 2021ஐ விட நல்ல காலம். 10.8 எங்கே, 6 எங்கே! ஏறத்தாழப் பாதித் துன்பம் குறைந்திருக்க வேண்டும். ஆனால் உலக வங்கியின் மதிப்பீட்டைப் பாருங்கள்: 2019இல் இலங்கையில் நூற்றுக்குச் சுமார் 11 பேர் வறுமையில் இருந்தார்கள், 2023இல் நூற்றுக்கு 25 பேருக்கு மேல். ஏழைகளின் தொகை இரண்டு மடங்கைத் தாண்டிய ஒரு நாட்டைப் பார்த்து, துன்பம் குறைந்துவிட்டது என்று தராசு சொல்கிறது.

தராசு பழுதா? இல்லை, அதன் இரண்டு தட்டுகளிலும் என்ன ஏற்றப்படுகிறது என்பதை நாம் சரியாகப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அட்டன் ஸ்டேஷனில் நின்ற ரயில்

நாவலப்பிட்டியிலிருந்து அட்டனுக்கு மலையேறும் ரயிலில் போயிருப்பீர்கள். ரயில் ஏறுகிற வேகம் ஒன்று. ஏறி வந்திருக்கும் உயரம் வேறொன்று. அட்டன் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் வேகம் பூச்சியமாகிவிடும். அதற்காக நாம் நாவலப்பிட்டிக்கு இறங்கிவிட்டோம் என்று ஆகாது. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே, குளிரில்தான் நிற்கிறோம்.

பணவீக்கம் என்பது ரயிலின் வேகம். விலை என்பது ரயில் நிற்கும் உயரம். வருடாந்தப் பணவீக்கம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டால் விலை எவ்வளவு ஏறியிருக்கிறது? அதற்கு முந்திய வருடம் ஏறியதை அது மறந்துவிடும்.

கணக்காகவே போட்டுப் பார்த்துவிடுவோம். 2021 செப்டெம்பரில் ஒரு கூடைச் சாமானின் விலை சரியாக 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, மா, பருப்பு, மண்ணெண்ணெய், பஸ் கட்டணம், வாடகை எல்லாம் அந்தக் கூடைக்குள். 2022 செப்டெம்பரில் அதே கூடை 169 ரூபாய் 80 சதம். அதன் மேல் இன்னொரு 1.3 சதவீதம் ஏறி, 2023 செப்டெம்பரில் 172 ரூபாய். அடுத்த வருடம் இன்னும் ஆச்சரியம்: 2024 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே, எதிர் 0.5. விலை உண்மையாகவே இறங்கியது. எவ்வளவு? 172 ரூபாய்க் கூடை 171 ரூபாயாக ஆனது. ஏறியது எழுபத்திரண்டு ரூபாய், இறங்கியது ஒரு ரூபாய்.

இடையில் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டும் கூடைக்குள் இருக்கும் சாமான்களின் அளவும் மாற்றப்பட்டன என்பதால் இது ஏறத்தாழக் கணக்கு. ஆனால் இதன் சாரம் மாறாது. கடைக்காரரின் பதிலுக்கு இப்போது அர்த்தம் கிடைத்துவிட்டது. செய்தி வாசித்தவர் ரயிலின் வேகத்தைச் சொன்னார். கடைக்காரர் ஸ்டேஷனின் உயரத்தைச் சொன்னார்.

“பணவீக்கம் குறைந்தது” என்ற வாக்கியத்தை “விலைவாசி குறைந்தது” என்று மாற்றி எழுதும் பத்திரிகைகள் மீது எனக்கு வருத்தம் உண்டு. அந்த ஒரு சொல் மாற்றம், கையில் காசு காணாத ஒரு பெண்ணைத் தன் கணக்கில்தான் பிழையோ என்று நினைக்க வைக்கிறது.

யாருடைய கூடை?

கூடை என்றேனே, அது யாருடைய கூடை? கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், பெயர் சொல்வது போல, கொழும்பு மாவட்டத்து நகரப்புறக் குடும்பங்களின் செலவை வைத்துச் செய்யப்பட்டது. நெருக்கடிக் காலத்தில் பயன்பட்ட கூடையில் உணவின் பங்கு நூற்றுக்குச் சுமார் 28. நாடு முழுவதற்குமாகச் செய்யப்படும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் கூடையில் அதே உணவு நூற்றுக்குச் சுமார் 44. கொழும்பைத் தாண்டியதும் சோற்றுக்கே காசு கரைகிறது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

இது ஏன் முக்கியம்? 2022 செப்டெம்பரில் எல்லா விலையும் ஒரே அளவில் ஏறவில்லை. உணவு 94.9 சதவீதம் ஏறியது; உணவல்லாதவை 57.6 சதவீதம்.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் நூறு ரூபாய்ச் செலவில் 25 ரூபாய் சாப்பாட்டுக்கு. மிச்சம் 75 ரூபாய் பிள்ளைகளின் டியூசன், தொலைபேசி, உடுப்பு, வாகனம் இவற்றுக்கு. உணவுக்கு 25இல் 94.9 சதவீதம் என்றால் 23 ரூபாய் 70 சதம் கூடும். மற்ற 75க்கு 43 ரூபாய் 20 சதம். மொத்தம் 67 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது வீட்டில் நூறில் 60 ரூபாய் சாப்பாட்டுக்கே போகிறது. அறுபதில் கூடுவது ஏறத்தாழ 57 ரூபாய். மற்ற நாற்பதில் 23 ரூபாய். மொத்தம் 80.

ஒரே நாடு, ஒரே மாதம். முதல் வீட்டின் பணவீக்கம் 67, இரண்டாவது வீட்டின் பணவீக்கம் 80. செய்தியில் சொன்ன 69.8 இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லை. வசதியுள்ள வீட்டுக்குத்தான் அது கிட்ட இருக்கிறது. முதல் வீட்டுக்காரர் வாகனத்தை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகலாம், புது உடுப்பைத் தள்ளிப்போடலாம். இரண்டாவது வீட்டில் தள்ளிப்போட இருப்பது ஒரு வேளைச் சாப்பாடுதான்.

4.7 ஏன் அசையவில்லை?

இனி மற்றத் தட்டு. 2022இல் இலங்கைப் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. அவ்வளவு பெரிய சுருக்கத்தில் வேலையின்மை வீதம் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? அது 5.1இலிருந்து 4.7க்கு இறங்கியது. முதலில் இதைப் பார்த்தபோது எண்ணை மாற்றி எழுதிவிட்டேனோ என்று திரும்பச் சரிபார்த்தேன்.

விடை மறைந்திருப்பது “வேலை” என்ற சொல்லின் வரைவிலக்கணத்தில். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆட்கள் வீடு வீடாகப் போய்க் கேட்கும் கேள்வி, உலகம் முழுவதும் கேட்கப்படும் கேள்விதான்: போன வாரம் ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தீர்களா? ஒரு மணித்தியாலம் போதும். கூலிக்கு என்றாலும் சரி, சொந்தத் தொழில் என்றாலும் சரி, சம்பளமில்லாமல் குடும்பத்தின் தோட்டத்திலோ கடையிலோ என்றாலும் சரி, நீங்கள் வேலையில் இருப்பவர். வேலையில்லாதவர் என்று பெயர் எடுப்பது அதைவிடக் கஷ்டம்: அந்த ஒரு மணித்தியாலமும் இருக்கக்கூடாது, அண்மைய வாரங்களில் வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் உடனே போகத் தயாராகவும் இருக்க வேண்டும்.

மன்னாரிலோ முல்லைத்தீவிலோ வெளியிணைப்பு மோட்டார் பூட்டிய சிறு படகு வைத்திருக்கும் ஒரு மீனவரை இந்தக் கேள்வியின் முன் நிறுத்திப் பாருங்கள். அந்த மோட்டார் மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாய். ஆனால் பல கிழமையாகக் கிடைக்கவே இல்லை. அந்த மாதம் 22ஆம் திகதி முதல் விலை 340 ரூபாய். ஒருநாள் தொழிலுக்கு 20 லீட்டர் என்று வைத்தால், 1,740 ரூபாயாக இருந்த எண்ணெய்ச் செலவு 6,800 ரூபாய் ஆகிவிட்டது. வலையில் என்ன விழும் என்று கடலுக்குத்தான் தெரியும். ஆறு நாள் போனவர் ஒருநாள் போகிறார். மிச்ச நாள் கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிறார்.

அந்த ஒருநாள் போதும். கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். பணவீக்கம் அவருடைய தொழிலைத் தின்றுவிட்டது. வேலையின்மைக் கணக்கு அதைப் பார்க்கவே இல்லை. ஓக்கனின் கூட்டலில் இரண்டு துன்பங்களும் தனித்தனியாக வந்து சேரும் என்ற எண்ணம் அடங்கியிருக்கிறது. இந்தக் கரையில் ஒன்று மற்றொன்றின் வயிற்றுக்குள் இருக்கிறது.

அமெரிக்காவில் வேலை போனவருக்கு அரசு சில மாதம் உதவிப்பணம் கொடுக்கும். அதைக்கொண்டு அவர் வேலை தேடிக்கொண்டு இருக்கலாம். இலங்கையிலும் இந்தியாவிலும் பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. வேலையில்லாமல் இருப்பதற்கே கையில் கொஞ்சம் காசு வேண்டும். இல்லாதவர் கிடைத்த கூலிக்குப் போவார், ரோட்டோரத்தில் எதையாவது விற்பார். ஏழை நாடுகளில் வேலையின்மை வீதம் பெரும்பாலும் குறைவாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

தேடிக் களைத்து விட்டவர்களின் கதை வேறு. நூறு பேர் வேலைச் சந்தையில் இருந்து, அதில் ஐந்து பேருக்கு வேலை இல்லை என்றால் வீதம் 5. அந்த ஐவரில் ஒருவர் இனித் தேடிப் பயனில்லை என்று வீட்டில் இருந்துவிட்டால், தொண்ணூற்றொன்பது பேரில் நான்கு பேர். வீதம் 4க்கு இறங்கிவிடும். ஒருவருக்குக் கூட வேலை கிடைக்கவில்லை, எண் மட்டும் நல்லதாகிவிட்டது. இலங்கையில் வேலை செய்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த உழைப்புப் படையின் பங்கு 2021இல் 49.9 சதவீதம், 2023இல் 48.6. பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே அதற்குள் இருக்கிறார்கள். இன்னொரு கூட்டம் நாட்டிலேயே இல்லை: 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். கட்டுநாயக்க விமான நிலையம் வேலையின்மையைக் குறைத்தது என்று சொன்னால் அதில் மிகை இல்லை.

ஒரு புள்ளியும் ஒரு புள்ளியும் சமமா?

ஓக்கன் இரண்டு எண்களையும் அப்படியே கூட்டினார். அதாவது, விலை நூற்றுக்கு ஒன்று ஏறுவதும் நூற்றுக்கு ஒருவருக்கு வேலை போவதும் சம துன்பம் என்று கொண்டார். ஒன்று எல்லார் மேலும் கொஞ்சம் கொஞ்சமாக விழும் தூறல். மற்றது ஒரு வீட்டுக் கூரையை மட்டும் பிய்த்துக்கொண்டு போகும் காற்று. இரண்டையும் ஒரே படியால் அளக்கலாமா?

மக்களையே கேட்டுப் பார்த்தார்கள். ரபேல் டி டெல்லா, ராபர்ட் மெக்குல்லக், ஆண்ட்ரூ ஓஸ்வால்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள், 12 ஐரோப்பிய நாடுகளில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் தங்கள் வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா என்று சொன்ன பதில்களை, அந்தந்த வருடத்துப் பணவீக்கத்தோடும் வேலையின்மையோடும் பொருத்திப் பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். வேலையின்மையின் ஒரு புள்ளி, பணவீக்கத்தின் 1.7 புள்ளிக்குச் சமமாக மனத்தைத் தாக்குகிறது என்று தெரிந்தது. 2014இல் வந்த இன்னொரு ஆய்வு, அந்த வித்தியாசம் ஐந்து மடங்குக்கும் மேல் என்றது.

இது எவ்வளவு தூரம் கணக்கை மாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் 2008, 2009 வருடங்களே சாட்சி. 2008இல் வேலையின்மை 5.8, பணவீக்கம் 3.8, கூட்டினால் 9.6. வங்கிகள் சரிந்த பிறகு, 2009இல் வேலையின்மை 9.3க்கு ஏறியது, பணவீக்கம் எதிர் 0.4 ஆனது; கூட்டினால் 8.9. இலட்சக்கணக்கானவர்கள் வேலையிழந்த வருடத்தில் துன்பம் குறைந்ததாகச் சுட்டெண் சொன்னது. வேலையின்மையை 1.7ஆல் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள்: 13.7 என்ற எண் 15.4க்கு ஏறுகிறது. மக்களுக்குத் தெரிந்திருந்த உண்மை அப்போதுதான் கணக்குக்குத் தெரிகிறது.

வேலை போனால் சம்பளம் மட்டும்தானா போகிறது? 1930களின் தொடக்கத்தில் மரி யஹோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூன்று ஆய்வாளர்கள், ஒஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற கிராமத்துக்குப் போனார்கள். ஊரே நம்பியிருந்த நெசவாலை மூடிக் கிடந்தது. ஆய்வாளர்கள் சன்னல் பக்கம் மறைந்திருந்து, தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெரும்பாலானவர்கள் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். வீட்டு வேலை இருந்ததால் பெண்கள் மட்டும் வேகமாகப் போனார்கள். நேரம் எவ்வளவோ கிடந்தும், நூலகத்தில் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும், இரவல் போகும் புத்தகங்களின் தொகை பாதியளவாகக் குறைந்திருந்தது. வாசிக்க நேரம் இருந்தது. வாசிக்கும் மனம் இல்லை. இதற்குப் பணவீக்கத்தில் எத்தனை புள்ளி ஈடாகும் என்று நான் சொல்லத் துணியமாட்டேன்.

தராசில் ஏறாத மூன்றாவது எண்

கடையில் விட்டுவந்த பெண்ணிடம் திரும்புவோம். அவருக்கு வேலை இருக்கிறது. காலையில் மலைக்குப் போகிறார், கூடை நிறையப் பறிக்கிறார், நிறுக்கிறார். ஆகவே வேலையின்மைத் தட்டில் அவர் பூச்சியம். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3. இரண்டையும் கூட்டினால் அவர் துன்பம் 1.3.

தராசு கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: அவர் சம்பளம் என்ன ஆயிற்று?

பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதுவும் 900 ரூபாய் அடிப்படை, 100 ரூபாய் கொடுப்பனவு என்று பிரிந்து வந்த ஆயிரம். குறித்த கிலோ பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். அதே வருடம் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவுக்கு விழுந்தது. செடியில் கொழுந்து குறைந்தால் கூடையில் கிலோ குறையும். கிலோ குறைந்தால் பேர் அரையாகும். அந்த அரைப்பேரும் கணக்கில் முழு வேலைதான்.

விலை எழுபது சதவீதம் ஏறி முடிந்த பிறகும், அந்த ஆயிரம் ஆயிரமாகவே நின்றது. மூன்றரை வருடம். முன்பு போட்ட கூடைக் கணக்கை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கியதை 2024 செப்டெம்பரில் வாங்க 171 ரூபாய் வேண்டும். அப்படியானால் 2024இல் அவர் கையில் இருந்த 1,000 ரூபாய், மூன்று வருடத்துக்கு முந்திய விலையில் 584 ரூபாய்க்குச் சமம். ஒவ்வொரு நாள் சம்பளத்திலும் 416 ரூபாய் யாரும் எடுக்காமலே காணாமல் போயிருக்கிறது. உணவுக்கே பெரும்பங்கு செலவிடும் லயத்து வீட்டின் கூடையை வைத்துப் பார்த்தால் இழப்பு இதைவிடக் கூடவே இருக்கும்.

விலையேற்றத்தைக் கழித்த பிறகு சம்பளத்துக்கு மிஞ்சும் வாங்கும் வலு, துன்பச் சுட்டெண்ணின் எந்தத் தட்டிலும் இல்லை. 1970களின் அமெரிக்காவில் ஓக்கன் அதைச் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம் இருந்திருக்கலாம்; அங்கே தொழிற்சங்கங்கள் பல, விலை ஏற ஏறச் சம்பளமும் ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தன. மலையகத்தில் அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. அங்கே இந்த மூன்றாவது எண்ணை விட்டுவிட்டுத் துன்பத்தை அளப்பது, கொழுந்தை நிறுக்காமல் கூடையை மட்டும் நிறுப்பதற்குச் சமம். இலங்கை மத்திய வங்கி கூலிகளுக்கும் சுட்டெண் வெளியிடுகிறது. பணவீக்கத்தைச் சொல்லும் ஒவ்வொரு செய்தியோடும் அதையும் சேர்த்து வாசியுங்கள் என்று பத்திரிகைகளிடமும் வானொலிகளிடமும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேளுங்கள்.

2024 செப்டெம்பரில், மீண்டும் நீண்ட இழுபறிக்குப் பிறகு, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2021 செப்டெம்பர் விலையில் அந்த 1,350 ரூபாயின் மதிப்பு 789 ரூபாய்.